தமிழுக்குத் தொல்லை தேடலில்தான்
மையெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், ஒரு குறியீட்டுக்கு 4 பைட் வரை இடம் தரும் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கத்துக்கு மாறினாலே பன்மொழிச் சிக்கல் தீரும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. எமோஜிக்கு அது அவசியம், சரி. ஆனால் நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறியீடுகள் ஒவ்வொன்றும் 3 பைட்தான். 3 பைட் வரை மட்டுமே ஏற்கும் அதன் பழைய யூடிஎஃப்8-லேயே அடங்கிவிடும். தொல்லை தேடலில் இருக்கிறது. 'கோ'வை ஒரே ஓகாரக் குறியாலும் எழுதலாம், ஏகாரக் குறி, துணைக்கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகள் வேறு. நான் சரிபார்த்த ஒரு நூலகப் பட்டியலில் 'கோவை' என்று தேடியபோது பல நூல்கள் வராததற்கு இதுதான் காரணம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வழக்கமான அமைப்பில் இரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கும். ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யுனிக் கட்டுப்பாடு போட்டாலும் இரட்டைப் பதிவு நுழைந்துவிடும். போஸ்ட்கிரெஸின் 13-ஆம் பதிப்பிலிருந்து, இப்படி வேறுபடும் வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைஸ் வசதி இருக்கிறது, அதைக் கொண்டு சேமிக்கும் முன்பே, பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், 'ஔ'வுக்குப் பதில் ஒ, ள என்று தட்டிய பதிவுகளுக்கு அதுவும் உதவாது, தனியாக நிரல் எழுதித்தான் திருத்த வேண்டும்.