உப்பைத் தாங்கும் செடிகள் எல்லாம் ஒரே குடும்பமா? இல்லை

"அலையாத்தி மரங்கள், உமரி எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை, எதைச் சேற்றில் ஊன்றினாலும் பிழைக்கும்" என்று பரவும் செய்தி தவறு.

அலையாத்தியில் (கடலோரச் சேற்றுக்காட்டு மரங்கள்) வெண்கண்டல் ஆடாதோடையின் குடும்பம். தில்லை மரம் ஆமணக்கின் குடும்பம். உவர்நிலச் செடியான உமரியோ முளைக்கீரைக்கு உறவு. உப்பைத் தாங்கும் திறன் தனித்தனியே பலமுறை தோன்றியது. புல் குடும்பத்தில் மட்டும் 70 முறைக்கு மேல். அதனால்தான் வழிமுறையும் வேறுபடுகிறது. சுரபுன்னை என்ற அலையாத்தி மரம் பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுக்கிறது. வெண்கண்டல் உள்ளே வந்த உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது (வெயிலில் இலைமேல் படிகம் தெரியும்). உமரி சதைப்பற்றான இலைகளில் சேர்த்துவைக்கிறது.

பிச்சாவரத்தில் சுரபுன்னை ஓடையோரத்திலும் வெண்கண்டல் அதற்குப் பின்னாலும் நிற்பது இதனால்தான். நீர் தேங்கி உவர்ப்பு ஏறிய உட்பகுதியில் சுரபுன்னையை நட்டால் கருகிவிடும். அங்கே வெண்கண்டல்தான் சரி. அதற்கும் முதலில் ஓதநீர் (கடல் ஏற்றத்தில் ஏறி இறங்கும் நீர்) வந்துபோக வாய்க்கால் வெட்ட வேண்டும்.