வாசலைச் சாத்திவிட்டு விருந்தாளி வரவில்லை என்கிறீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். புதிய இணைய முகவரிகள் பரவவில்லை, எல்லோரும் டாட் காமைத்தான் வாங்குகிறார்கள் என்று மேடையில் கணக்குச் சொல்லிப் பேசிய அண்ணன், டாட் இந்தியா என்று முடியும் வலைதள முகவரி அச்சிட்ட என் விசிட்டிங் கார்டைத் தூக்கிக் காட்டி, "டாட் காம் இருக்கும்போது இதெல்லாம் யாருக்கு?" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அண்ணே, புதிய முகவரிகள் பரவவில்லை என்பது உண்மைதான். ஏன் பரவவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? வாசலைச் சாத்தியது யார்?

என் விதைக் கடைக்கு டாட் இந்தியா முகவரியைத் தமிழிலேயே ஆசையாக வாங்கினேன். பிறகு, இணையத்தில் பணம் பெறும் வசதிக்காக ஒரு நிறுவனத்தின் படிவத்தை நிரப்பினேன். வலைதள முகவரிக் கட்டத்துக்குக் கீழே சிவப்பு எழுத்து வந்து நின்றது: "சரியான முகவரியை உள்ளிடவும்." தமிழில்தான்! தமிழில் கடிந்துகொள்ளத் தெரிந்த படிவத்துக்குத் தமிழ் முகவரியைப் படிக்கத் தெரியவில்லை. புள்ளிக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு ஆங்கில எழுத்துகள்தான் வரும் என்று எவரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்த நிரல். டாட் போட்டோகிராபி வைத்திருக்கும் என் நண்பருக்கும் இதே கதிதான். அவருடையது முழுக்க ஆங்கிலம். கடைசியில் வேறு வழியின்றி ஒரு டாட் காம் வாங்கினேன். நீங்கள் மேடையில் பெருமையாகச் சொன்ன டாட் காம் கணக்கில் என்னுடையதும் ஒன்று, அண்ணே.

'தமிழில் யார் தட்டச்சு செய்யப்போகிறார்கள்?' என்று சிலர் கிளம்பி வருவார்கள். வாட்ஸாப்பில் தினமும் என்னிடம் கத்தரி விதை விலையைத் தமிழில் கேட்பவர்கள் யாராம்? '2001இல் வந்த டாட் பிஸ், டாட் இன்ஃபோவே டாட் காமை அசைக்கவில்லையே' என்றால், சரி, ஒப்புக்கொள்கிறேன். 'புதிய முகவரிகளில் மோசடி அதிகம்' என்பவர்களுக்கு, டாட் காமில் புத்தர்கள் மட்டுமா கடை வைத்திருக்கிறார்கள்?

டாட் ஏஐ, கரீபியக் கடலில் இருக்கும் ஆங்குவிலா என்ற சின்னத் தீவின் முகவரி. செயற்கை நுண்ணறிவு என்றதும் உலகமே ஓடிப்போய் வாங்கியது. யாராவது சிரித்தார்களா? இரண்டே ஆங்கில எழுத்து. எந்தப் படிவமும் மறிக்காது. தமிழ் முகவரியும் நேற்று வந்ததில்லை; டாட் இலங்கை 2010இலேயே வந்துவிட்டது. 2012இல் ஒரு புதிய பின்னொட்டுக்கு, அதாவது டாட் காம் போல முகவரியின் கடைசிப் பகுதிக்கு, விண்ணப்பிக்க, இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகான் வாங்கிய கட்டணம் 1,85,000 டாலர். அடுத்த சுற்றுக்கு 2,27,000. அவ்வளவு கொட்டிக்கொடுத்தாலும் இந்தச் சிவப்பு எழுத்துக்கு முன்னால் எல்லோரும் நானும் ஒன்றுதான்.

உண்மையைச் சொன்னால், எனக்கு வலித்தது முகவரிக்காக இல்லை. என்னிடம் கேட்டு வாங்கிய கார்டு அது. சிரிப்பு அடங்கியதும் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். ஓரம் நனைந்திருந்தது. நான்தான் எடுத்துவந்தேன்.

அந்தக் கார்டும் இரண்டாம் முறை அடித்தது. முதல் முறை அச்சகத்தில், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, டாட் இந்தியாவுக்குப் பின்னால் அவர்களாகவே ஒரு டாட் காம் சேர்த்து ஐந்நூறு கார்டு அடித்துவிட்டார்கள். அவை இன்னும் வீட்டில் இருக்கின்றன. பின்பக்கத்தில் விதைக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.