எல்லாப் பழியையும் புயல் மேலேயே போட வேண்டாம்

கேரட் விலை ஏறிவிட்டால் போதும், "நீலகிரியில் கனமழை" என்று டிவியில் ஓட ஆரம்பித்துவிடும். மழைதான், சரி. ஆனால் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை ஏறுகிற அந்த வாரம் விற்பதற்குக் கேரட் யார் தோட்டத்தில் மிஞ்சியிருக்கிறது?

2019 ஆகஸ்டில் தாழ்வு மண்டலம் கரை கடந்தது ஒடிசாப் பக்கம். அது வலுவாக்கிய தென்மேற்குப் பருவக்காற்றில் இங்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. அந்த மழைக்குச் சோலைக்காடே, அதாவது இந்த மலைக்கே உரிய இயற்கைக் காடே, இருந்தாலும் முழுசாகத் தாங்காது, ஒத்துக்கொள்கிறேன். என் பேச்சு அதைப் பற்றியல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் சின்னதாக ஒரு தாழ்வு வந்தாலே இங்கே பாத்தி கரைகிறதே, அதைப் பற்றி.

மழை விட்டதும் சரிவில் இருக்கிற ஏதாவது ஒரு தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். மேல்மண் ஓடையில் இறங்கியிருக்கும், நிற்கிற கேரட்டின் தலைப்பக்கம் மண்ணுக்கு வெளியே தெரியும், நாலு நாள் வெயில் பட்டால் அது பச்சையாகிவிடும், மண்டியில் தனியாகக் கழித்துவிடுவார்கள். உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும், அதனால் பலரும் மேலிருந்து கீழாகவே பார் (கிழங்கு நடும் மண் மேடு) போடுகிறார்கள். தண்ணீர் நிற்காது, மண்ணும் நிற்காது.

"மரம்தான் நிறைய இருக்கே" என்பார்கள். இருக்கிறது, கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்). வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று ஆரம்பித்தது, சுதந்திரத்துக்குப் பிறகும் புல்வெளியில் வைத்துக்கொண்டே போனார்கள். சீகைக்கு வேர் ஆழமில்லை, காற்றடித்தால் முதலில் சாய்ந்து கரண்ட் கம்பி மேல் கிடப்பது அதுதான். சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடும், மாசி, பங்குனியில் கேரட்டுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் அப்படி வந்ததுதான். ஐப்பசியில் மண் போன அதே தோட்டத்துக்குப் பங்குனியில் தண்ணீரும் இல்லை என்றால் அந்தக் கணக்கை எந்தப் புயல் பெயரில் எழுதுவது?

சீகையை இப்போது எடுக்கிறார்கள், நல்லது. ஆனால் சரிவை மொட்டையாக விட்டுவிட்டுப் போனால் அடுத்த மழை அதையும் அள்ளிவிடும், புல்லும் சோலை நாற்றும் கையோடு வைக்க வேண்டும். ஓடை ஓரத்தில் இரண்டு பாத்தி அகலத்தை நாமும் விட வேண்டும். குத்தகைக்காரர் விடமாட்டார், அவருக்கு அந்த வருஷ வரவுதான் கணக்கு, அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு பாத்திக்கு உண்டானதை நிலத்துக்காரர் குத்தகையில் கழித்துக்கொள்ளட்டும்.