தரைக்குக் காது உள்ள வீடுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்த எங்கள் தாத்தா வீட்டின் பின்கட்டில், கோடை வந்துவிட்டால் ஓர் அறை முழுக்க வைக்கோல் பரப்பி மல்கோவா மாம்பழங்களைப் பழுக்க வைத்திருப்பார்கள். கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஓசையின்றி வந்த கால் வைக்கோலில் பட்டதும் சரசரக்கும், திண்ணையில் படுத்திருக்கும் தாத்தா "யாருடா அது?" என்பார். லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கி 1998இல் வந்த 'தீஃப்: த டார்க் ப்ராஜெக்ட்' என்ற கணினி விளையாட்டைப் பல ஆண்டுகள் கழித்து ஆடியபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வைக்கோல்தான்.

அதில் ஆடுபவர் ஒளிந்து திரியும் ஒரு திருடன். கம்பளத்தின் மீதும் புல்லின் மீதும் நடந்தால் சத்தம் அடங்கும். ஓட்டுத் தரையும் இரும்பும் காட்டிக்கொடுத்துவிடும். நீர் அம்பு எய்து தீப்பந்தத்தை அணைக்கலாம், ஆனால் மின்விளக்கிடம் அந்த வித்தை பலிக்காது. இவை வெறும் விதிகளாக நின்றிருந்தால் மறந்திருப்பேன். அதில் வரும் பாஃபோர்ட் பிரபுவின் மாளிகையில் கம்பளம் விரித்திருப்பது திருடனுக்கு உதவுவதற்காக அன்று, பணக்காரர் ஒருவர் தம் வீட்டில் அதை விரித்திருப்பார் என்பதற்காகத்தான் என்ற எண்ணம் ஆடும்போதே வருகிறது. இப்படிக் கண்ணில் படாமல் பதுங்கி ஆடும் ஸ்டெல்த் கேமின் ஒரு லெவல், அதாவது ஒரு கட்டம், மனத்தில் தங்குவதற்கு இதையே முதன்மையான காரணமாகக் கருதுகிறேன்: அந்த இடம் ஒளிந்து வருபவனுக்காக அல்லாமல், அங்கே குடியிருப்பவர்களுக்காகக் கட்டப்பட்டதாகத் தோன்ற வேண்டும். போகும் இடமெல்லாம் இடுப்பளவுப் பெட்டிகளையும் ஆள் மறையும் புல்லையும் நிரப்பி வைக்கும் விளையாட்டுகளில் ஒரு லெவலைக்கூட என்னால் இன்று நினைவுகூர முடியவில்லை. சுவரை ஊடுருவிக் காவலர்களைக் காட்டும் பார்வையும் எனக்கு உடன்பாடானதல்ல. ஆள் உருவத்தையே பார்த்து நடக்கிறவன் வீட்டைப் பார்ப்பதில்லை.

ஏற்காட்டில் பழைய காப்பித் தோட்டத்துப் பங்களா ஒன்றில் ஒருமுறை தங்கியிருந்தேன். சமையற்கட்டு பிரதான வீட்டிலிருந்து விலகித் தனியே இருந்தது. சாப்பாடு கொண்டுவருபவர் விருந்தினர் கண்ணில் படாத ஒரு பக்கவழியாக வந்து போனார். துரைமார் ஒரு வீட்டையும் வேலையாட்கள் வேறொரு வீட்டையும் அறிந்திருந்தார்கள் என்று அன்று தோன்றியது. ஆடுபவர் வேடமிட்டுப் புகும் கொலையாளியாக வரும் 'ஹிட்மேன்' (2016) விளையாட்டின் சபியென்சா லெவல் நிற்பதே இந்த வேறுபாட்டின் மேல்தான். கடலோர இத்தாலிய ஊர், அதில் சில்வியோ கருசோவின் மாளிகை, அதற்கும் கீழே குகைக்குள் ஓர் ஆய்வுக்கூடம். சமையற்கட்டு ஆளின் உடையில் போகும்போது திறக்கும் மாளிகையும், காவலர் உடையில் போகும்போது திறக்கும் மாளிகையும் ஒன்றல்ல. அந்த வேடத்தையும் எல்லோரும் நம்பிவிடுவதில்லை. நம் வீட்டுச் சமையல்காரர் புதிதாக வந்த எடுபிடியை முறைத்துப் பார்ப்பதைப் போல, சிலர் நின்று உற்றுப் பார்க்கிறார்கள்.

ஒரு லெவலுக்குத் தொலைவும் வேண்டும், போக வேண்டிய இடம் தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும். 'தீஃப் 2' விளையாட்டில் கூரைகளின் மேலேயே நடந்து ஏஞ்சல்வாட்ச் கோபுரத்துக்குப் போகும் லெவலை நினைக்கும்போதெல்லாம், ஏற்காட்டு மலை விளிம்பில் உள்ள லேடீஸ் சீட்டில் இரவில் நின்று கீழே சேலத்தின் விளக்குகளைப் பார்த்தபடி இனி இறங்க வேண்டிய கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவதுதான் எனக்கு ஞாபகம் வரும்.

நான் சொன்னதற்கு நேர்மாறாகத் தோன்றும் வீடு ஒன்றும் உண்டு. ஆர்கேன் நிறுவனம் உருவாக்கி 2016இல் வந்த 'டிஸ்ஆனர்ட் 2' விளையாட்டில் வரும் கிளாக்வொர்க் மாளிகையில் ஒரு நெம்புகோலை இழுத்தால் சுவர்கள் மடங்கி, தரை புரண்டு, அறையே வேறாகிவிடும். யாரும் குடியிருக்கத் தகாத வீடு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வந்தவரை மிரட்டி ரசிக்கும் அதன் சொந்தக்காரர் கிரின் ஜிண்டோஷ் போன்ற ஒருவர் தமக்கென்று கட்டிக்கொண்டால் அது அப்படித்தான் இருக்கும், அதற்கும் ஒரு பின்கட்டு இருக்கும். முதல் முறை வாசலில் இருந்த நெம்புகோலை ஆவலோடு இழுத்தேன். உடனே அவர் குரல் வரவேற்றது. இரண்டாம் முறை அதைத் தொடவில்லை. சுவர்களுக்குப் பின்னால் பல்சக்கரங்களுக்கும் இரும்புச் சட்டங்களுக்கும் நடுவே புகுந்து அவருடைய ஆய்வறையை அடைந்தபோது, விருந்தாளி ஒருவர் வந்திருப்பதே அவருக்குத் தெரியாமல் வேலையில் மூழ்கியிருந்தார்.