அந்தத் தெரு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை

வாரத்துக்கு நாலு தடவையாவது இந்த வகைப் படம் என் கண்ணில் பட்டுவிடுகிறது. இடது பக்கம் பழுப்பேறிய பழைய தெரு, வலது பக்கம் அதே தெரு இன்று. மேலே "அன்றும் இன்றும்" என்று ஒரு வரி. கீழே "எப்படி இருந்த ஊர்!" என்று நூறு பேர். நானும் பெருமூச்சு விட்டு லைக் போட்டவன்தான். இப்போது அவ்வளவு சுலபமாகக் கை போவதில்லை. அந்தப் படங்கள் அளவுக்கு மீறிப் பிடித்துப்போய், பெரிதாக்கி உற்றுப்பார்க்கத் தொடங்கியதால் வந்த வினை.

முதலில் அந்த வெறிச்சோடிய சாலைக்கு வருகிறேன். 1838-ல் புகைப்படக்கலையின் முன்னோடி லூயி டகேர் பாரிஸில் தன் ஜன்னலிலிருந்து புல்வார் து தாம்ப்ள் என்ற சாலையைப் படமெடுத்தார். நாடகக் கொட்டகைகள் வரிசைகட்டி நின்ற, எந்நேரமும் ஜனம் புழங்கும் சாலை அது. படத்திலோ ஈ காக்கை இல்லை. ஓரத்தில் ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நிற்கிறார்; பாலிஷ் போடுபவர் அரைகுறையாகத் தெரிகிறார். தகட்டில் பிம்பம் பதியப் பல நிமிடங்கள் ஆகும் காலம். நடந்தவர்கள், வண்டிகள், குதிரைகள் எல்லாம் கரைந்துபோய், அசையாமல் நின்றவர் மட்டும் தங்கிவிட்டார். பிற்காலத்தில் தகடுகள் வேகமாயின. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தெருப்படங்கள் பலவற்றில், உற்றுப்பார்த்தால் தரையை ஒட்டி புகைபோல ஒரு தீற்றல் இருக்கும். அது ஒரு ஆள். அல்லது ஒரு மாடு. "அப்போதெல்லாம் எவ்வளவு அமைதி" என்று நாம் எழுதுவது அந்தத் தீற்றலின் தலைமேல் நின்றுகொண்டுதான்.

அப்புறம் அந்தக் கம்பீரம். பழைய படத்தில் கட்டடங்கள் ராணுவ அணிவகுப்புபோல நிமிர்ந்து நிற்கும். இன்றைய படத்தில் தள்ளாடிப் பின்னால் சாய்ந்திருக்கும். பழைய பெட்டிக் கேமராவில் பெட்டியைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த முடியும். அதனால் சுவர்க் கோடுகள் நேராகவே விழும். நாம் போனை அண்ணாந்து பிடிக்கிறோம், கோடுகள் மேலே கூடிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு நம் போனில் இருப்பது வைட் ஆங்கிள் லென்ஸ். முழுக் கட்டடமும் அதில் அடங்க வேண்டுமென்றால் கிட்டே போய் நின்றாலே போதும். கிட்டே நின்றால் முன்னால் இருக்கும் பைக் யானையாகிவிடும், தூரத்துக் கோபுரம் தீக்குச்சியாகிவிடும். அந்தக் காலத்தவர் இன்னும் தள்ளி நின்று எடுத்தார், கோபுரம் தெருவையே ஆண்டது. ஊர் அழிந்துவிட்டது என்று நாம் அழும் அழுகையில் கால்பங்காவது லென்ஸுக்குச் சேர வேண்டும்.

வானமும் அப்படித்தான். பழைய தகடுகளுக்கு நீல ஒளிதான் நன்றாகப் பிடிபடும். நீலவானம் வெளுத்துப்போய் மேகமே இல்லாமல் இருக்கும், சிவப்பெல்லாம் கறுப்பாகிவிடும். இதை எந்திரத்திடம் கொடுத்து வண்ணம் பூசி "அன்றைய உண்மையான நிறம்" என்று போடுகிறார்கள். பளீர்ச் சிவப்புக் கதவு அடர் பழுப்பாகித் திரும்பி வருகிறது. அதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன்.

ஒயர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. "இப்போது எங்கே பார்த்தாலும் ஒயர்" என்று புலம்புகிறவர்கள் 1880-களின் நியூயார்க் படங்களைத் தேடிப் பாருங்கள். தந்திக் கம்பிகள் சிலந்திவலைபோல வானத்தையே மூடியிருக்கும். 1888-ல் பெரும் பனிப்புயல் வந்து கம்பங்களைச் சாய்த்த பிறகுதான் கம்பிகளை மண்ணுக்குள் புதைக்கும் வேலை சூடுபிடித்தது. அந்தத் தெருக்களில் இன்றைய படம்தான் சுத்தம்.

சரி, இவ்வளவு பேசுகிறோமே, நாமே எடுத்துப் பார்ப்போம் என்று ஒரு நாள் பழைய படம் ஒன்றின் அச்சை எடுத்துக்கொண்டு ஒரு தெருவுக்குப் போனேன். அரைமணி வேலை என்று நினைத்தேன், மூன்று மணிநேரம் ஆனது. ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: பழைய படத்தில் கிட்டே இருக்கும் ஒரு விளிம்பு, தூரத்தில் இருக்கும் எந்தப் பொருளை எந்த இடத்தில் மறைக்கிறது என்று பார்க்க வேண்டும். என் படத்தில் ஒரு மாடத்தின் தாங்குகல், பின்னால் இருந்த மணிக்கூண்டின் இடது ஓரத்தைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு அடி வலப்புறம் நகர்ந்தால் நடுவே வானம் தெரிந்தது. இடப்புறம் நகர்ந்தால் மணிக்கூண்டு பாதி விழுங்கப்பட்டது. அங்குலம் அங்குலமாக நகர்ந்து சரியான இடத்துக்கு வந்தபோது நான் நின்றது நடுரோட்டில். பழைய படத்தை எடுத்தவர் முக்காலியை நட்ட இடத்தில் இன்று பஸ் திரும்புகிறது. பஸ் இல்லாத பத்து நொடிகளில் ஓடிப்போய் ஓடிவந்து எடுத்தேன்.

ஆனால் ஒன்று, அந்தப் பத்து நொடியில் கண்ட தெரு எந்த ஒப்பீட்டுப் படத்திலும் நான் காணாதது. தரைத்தளம் முழுக்க ஷட்டரும் பலகையுமாக மாறியிருந்தது. அதற்கு மேலே ஜன்னல்களின் எண்ணிக்கை அப்படியே, ஓட்டின் சரிவு அப்படியே, நடைபாதையின் வளைவுகூட அப்படியே. தெரு தரையில்தான் மாறியிருந்தது. நாம் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இதை முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பெரனிஸ் ஆபட் 1930-களில் எடுத்த நியூயார்க் படங்களை டக்ளஸ் லெவெர் 1997-லிருந்து திரும்ப எடுத்தார்: அதே இடம், ஆண்டின் அதே பருவம், நாளின் அதே நேரம். நிழல்கூட ஒத்துப்போக வேண்டுமே. கிட்டத்தட்ட அதே காலத்தில் பாரிஸில் கிறிஸ்டோபர் ரவுஷன்பர்க், ஒழேன் அட்ஜே பழைய பாரிஸை எடுத்த இடங்களைத் தேடி அலைந்து நூற்றுக்கணக்கில் எடுத்தார். அவற்றில் பல இடங்கள் பெரிதாக மாறவே இல்லை. அந்த மாதிரி ஜோடிகள் இங்கே அதிகம் பகிரப்படுவதில்லை. மாறாத தெருவுக்கு யார் பெருமூச்சு விடுவார்கள்?

எனக்கு உண்மையான உறுத்தல் வேறு. அந்தப் பழைய படத்தை எடுக்கச் சொல்லிக் கூலி கொடுத்தது யார்?

ஷார்ல் மார்வில் 1860-களில் பாரிஸின் பழைய சந்துகளை 400-க்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தார். ஈரக் கற்கள் மினுங்க, நடுவே சாக்கடை ஓட, வளைந்து மறையும் சந்துகள். பார்க்கப் பார்க்கத் திகட்டாது. எடுக்கச் சொன்னது பாரிஸ் நகராட்சி. நகரத்தையே மாற்றியமைத்த அதிகாரி ஓஸ்மானின் அகலச் சாலைகளுக்காக அந்தச் சந்துகளை இடித்துக்கொண்டிருந்ததும் அதே நிர்வாகம்தான். 1877-ல் அவரையே திரும்ப அழைத்து, அவற்றின் இடத்தில் வந்த புதிய சாலைகளையும் எடுக்கச் சொன்னார்கள், மறு ஆண்டு உலகக் கண்காட்சிக்காக. ஆக, நாம் ஏக்கத்தோடு பகிரும் இந்த "அன்றும் இன்றும்" வடிவம் அன்றைக்கே ஒரு நிர்வாகத்தின் சாதனை விளம்பரமாக இருந்திருக்கிறது. இடிபட்டவர்கள் எங்கே போனார்கள்? நகரத்தின் விளிம்பில் முளைத்திருந்த குடிசைகளையும் மார்வில் எடுத்திருக்கிறார். அந்தப் படத்துக்கு ஜோடி கிடையாது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1868 முதல் 1871 வரை தாமஸ் அன்னன் எடுத்த முடுக்குகளும் இதே கதைதான். நெரிசலும் நோயும் மிகுந்த குடியிருப்புகளை இடிக்க ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை, இடிப்பதற்கு முன் எடுக்கச் சொன்ன படங்கள். கொடியில் துணி ஆட, ஆட்கள் கலங்கலாக நிற்க, இன்று பார்த்தால் ஓவியம். அங்கே குடியிருந்தவரிடம் "எவ்வளவு அழகு" என்று சொல்லிப்பாருங்கள், என்ன பதில் வருமோ.

இரண்டு படங்களுக்கு இடையே என்ன நடந்தது என்பதை ஜோடி சொல்லாது. போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய படமும் இன்றைய படமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். "பாருங்கள், எப்படிப் பாதுகாத்திருக்கிறார்கள்" என்று யாராவது எழுதிவிடுவார்கள். 1944-ல் அது கல்மேடு. பழைய வரைபடங்களையும் பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ தீட்டிய ஓவியங்களையும் வைத்து மறுபடி கட்டினார்கள்.

அன்று அந்த நடுரோட்டில் இன்னொன்றும் நடந்தது. அச்சைக் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, முன்னும் பின்னும் நான் நகர்ந்துகொண்டிருந்ததை மாடத்திலிருந்து ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஏன் தம்பி, ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?"

இல்லம்மா, சும்மா ஒரு படம் என்றேன். அவர் நம்பவில்லை. நான் தெருமுனை தாண்டும் வரை மாடத்திலேயே நின்றிருந்தார்.