மன்னிப்பு மனுவும் ஒரு கதைதான்
வரலாறும் இலக்கியமும் சேர்ந்த முதுகலைப் படிப்பு என்றால் நாவலை வைத்து அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்வது, அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாதிகூட இல்லை. ஆவணத்தையும் இலக்கியம்போல வரிவரியாக வாசிக்கப் பழக்குவதுதான் இதன் உயிர்.

16ஆம் நூற்றாண்டு பிரான்சில் கொலை செய்தவர்கள் மன்னரிடம் மன்னிப்புக் கேட்டு மனு கொடுத்தார்கள். எங்கே சண்டை மூண்டது, யார் முதலில் வம்புக்கு வந்தது என்று கதையாகவே சொன்னார்கள். எழுத்தர் அதைப் பதிவு செய்தார். இந்த மனுக்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் நாட்டலி ஜீமன் டேவிஸ் 1987இல் கேட்டது ‘இது உண்மையா?’ என்பதை மட்டும் அல்ல. ‘மன்னிப்பு கிடைக்க எப்படிச் சொல்ல வேண்டியிருந்தது?’ என்பதையும்தான். எனக்கு இந்தத் துறை பிடிபட்டதே அந்தக் கேள்வியில்தான்.

அப்புறம், இது புதுமோகமும் இல்லை. ஹார்வர்டில் இளங்கலை அளவில் 1906இலிருந்தே இருக்கிறது.