ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளே

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங்கும் உண்டு. பதினான்கு வருடமாகிறது. சட்டம் படித்தவனில்லை. ஆனால் யார் எந்தக் காகிதத்துக்காக அலைகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

போன வருடம் ஒரு பெண் அடிக்கடி வந்துகொண்டிருந்தார். கணவர் கொத்தனார், திருட்டு கேஸில் ரிமாண்ட். முதல் தடவை வந்தபோது முகத்தில் அவ்வளவு நிம்மதி. "ஜாமீன் ஆயிடுச்சுண்ணே, நாளைக்கு வந்துடுவாரு" என்றார். உத்தரவை வாங்கிப் பார்த்தேன். அவருக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று இருந்தது. நாளைக்கு வரமாட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சொல்ல மனம் வரவில்லை.

ரத்த சொந்தம் என்று இருந்தது ஓர் அண்ணன்தான். வேறு மாவட்டம். கூலியை விட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்தார். கொண்டுவந்த வீட்டு வரி ரசீது செத்துப்போன அப்பா பெயரில் இருந்தது. செல்லாது, உள்ளூர் ஆளாகப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை கொடுத்த மேஸ்திரி போனை எடுக்கவே இல்லை. ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், போட்டோ என்று அந்தப் பெண் எத்தனை முறை வந்து போனார் என்று எண்ணி முடியாது. மனிதர் வெளியே வந்தது உத்தரவு ஆகி ஐம்பத்தோராவது நாள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவருக்கு வக்கீல் இருந்தார். இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல்தான் மனு போட்டார், ஒழுங்காகவே வாதாடினார். உத்தரவு கையில் வந்ததும் அவர் வேலை முடிந்தது, அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சட்ட உதவி என்றால் வக்கீல் வைத்துக் கொடுப்பது என்ற அளவிலேயே நாம் நிறுத்திக்கொண்டோம். உத்தரவுக்கும் சிறைக் கதவுக்கும் நடுவில் ஏழைக்காக ஓடுவதற்கு ஆள் இல்லை. வசதி உள்ளவனுக்கு அந்த ஓட்டமே தெரியாது, சாயங்காலம் வீட்டில் இருப்பான்.

இது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. 1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனார் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜாமீன் கொடுத்தாயிற்று, ஆனால் கீழ்க்கோர்ட்டு 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அண்ணன் தம்பி ஜாமீன் நிற்கிறேன் என்றால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவரே எழுதிக் கொடுக்கும் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். அந்தக் கொத்தனாருக்கும் என் கடைக்கு வந்த கொத்தனாருக்கும் நடுவே நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல். வேறு மாவட்டம் என்ற பதில் மட்டும் அப்படியே இருக்கிறது.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். குற்றம் செய்தார்களா என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லாதவர்கள்.

விட்டால் ஓடிவிடுவான், அதற்குத்தானே ஜாமீன்தாரர் என்பார்கள். சரி, எங்கள் கடை வாசலுக்கு வந்து பாருங்கள். சொந்தத்தில் ஆள் கிடைக்காதவர்களுக்கு வாடகைக்கு ஜாமீன் நிற்க ஆள் இருக்கிறது. யாருக்காக நிற்கிறோம் என்றுகூடத் தெரியாது. பெயரைக் காகிதத்தில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போவார்கள். உண்மையான அண்ணனைத் திருப்பி அனுப்பிய விதி, இவர்களை உள்ளே விடுகிறது. ஓடுகிறவனை இவர்களா பிடித்துக்கொண்டு வரப்போகிறார்கள்?

சட்டத்தில் இடமில்லையா என்றால், நிறையவே இருக்கிறது. காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஜாமீன் உத்தரவு நகல் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதியின் கைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் அவர் வெளியே வரவில்லை என்றால் இலவச சட்ட உதவியைக் கவனிக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும். அவர்கள் ஒரு தன்னார்வலரையோ வக்கீலையோ அனுப்பி உதவ வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட இந்த மாதிரி கேஸ்களில் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஏழாவது நாள் யாரும் வரவில்லை. முப்பதாவது நாளும் வரவில்லை.

இப்போது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 479-வது பிரிவு இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களைத் தவிர மற்றதில், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விட வேண்டும். நல்ல விஷயம். ஆனால் ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தால் பொருந்தாது என்று அதிலேயே ஒரு முடிச்சும் இருக்கிறது. ஒரு திருட்டில் பிடித்தவன் மேல் நாலு பழைய கேஸைச் சேர்த்துவிடும் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த முடிச்சின் கனம் புரியும்.

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். சட்ட உதவிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்த ஓட்டத்துக்குத் தனியாக ஒதுக்க வேண்டும். வாதாடத் தெரிய வேண்டாம். வி.ஏ.ஓ.விடம் நின்று சான்று வாங்கவும், வெளியூர் அண்ணனுக்குப் போன் போட்டு எந்த ரசீது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லவும், இதெல்லாம் முடியாதென்றால் சொந்த ஜாமீன் கேட்டு மனு போட வைக்கவும் தெரிந்த ஆள் போதும். தன்னார்வலர்கள் இப்போதும் ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கிறார்கள். சிறை வாசலில் உட்கார வைக்க வேண்டும். 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை என் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாதிப் பேர் அதை ரீசார்ஜ் நம்பர் என்று நினைக்கிறார்கள்.

அந்தக் கொத்தனார் வெளியே வந்த பத்தாம் நாள் கடைக்கு வந்தார். தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. வேலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிடும், நடுவில் விட மாட்டோம் என்கிறார்களாம். நேரத்தை மாற்றிக் கேட்டு மனு டைப் செய்ய வந்திருந்தார். வக்கீல் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.